சாரணியர் வந்த பாதை – 5: பெஷாவரில் பிறந்த பெயர்

கனடாவின் பெண் சாரணியர் அமைப்பு தன் பெயரில் வைத்திருக்கும் ‘கைட்’, அதாவது வழிகாட்டி, என்ற சொல் லண்டன் வழியாக இங்கே வந்தது. லண்டனுக்கு அது பெஷாவரில் இருந்து போனது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், பின்னேரம் பாடசாலை உடற்பயிற்சிக் கூடத்துக்கோ தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்துக்கோ கூட்டத்துக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளை தன்னை ‘கைட்’ என்கிறாள். 1846இல் வடமேற்கு எல்லைப்புறத்தில் திரட்டிய ஒரு படைப்பிரிவின் பெயர் அது.

ஒன்ராறியோவின் சென் கதரின்ஸ் நகரில் 1910 ஜனவரியில் மேரி மல்கம்சன் தொடங்கிய குழுவே நாட்டின் முதற்குழுவாகப் பதிவான கதை சென்ற வாரம் முடிந்தது. இந்த வாரம் சாரணியர் விற்கும் பிஸ்கட்டின் கதை என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பெயர் குறுக்கே வந்துவிட்டது.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பிரித்தானியப் படை அதிகாரி பேடன் பவலின் சாரணர் நூல் 1908இல் முதலில் வெளிவந்தபோது அது ஒரே புத்தகமாக வரவில்லை. இரு வாரங்களுக்கு ஒன்றாக ஆறு பகுதிகள் வந்தன. உலகைச் சுற்றிய இயக்கம் ஒன்று தொடராகத்தான் கடைக்கு வந்தது என்பது தொடர் எழுதும் எவருக்கும் ஆறுதல். அந்தப் பகுதிகளைச் சகோதரர்களிடமிருந்து வாங்கிப் படித்த சிறுமிகள் யாரையும் கேட்காமல் தங்களுக்குள் அணி அமைத்தார்கள். 1909 செப்டம்பர் 4ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் சுமார் 11,000 சாரணர் கூடிய பேரணிக்குத் தொப்பியும் தடியுமாக ஒரு சிறு கூட்டம் சிறுமிகளும் வந்து நின்றார்கள். நீங்கள் யார் என்று கேட்டபோது, பெண் ஸ்கவுட், அதாவது பெண் சாரணர் என்றார்கள்.

பெரியவர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. காட்டில் பதுங்கித் தடம் பார்ப்பது பெண்பிள்ளைக்கு அடுக்குமா என்று பத்திரிகைகள் கேட்டன. பையன்களின் பெற்றோருக்கோ தங்கள் மகனும் அயல்வீட்டுப் பெண்ணும் ஒரே பெயரில் இயங்குவது கௌரவக் குறைவாகப் பட்டது. பேடன் பவல் தன் தங்கை ஆக்னஸிடம் பொறுப்பைக் கொடுத்து, 1910இல் பெண்களுக்குத் தனி அமைப்பும் தனிப் பெயரும் வைத்தார். ஓநாய், சிறுத்தை என்று அணிகளுக்குப் பெயர் வைத்திருந்த சிறுமிகள் அவற்றை விட்டுப் பூக்களின் பெயருக்கு மாற வேண்டியிருந்தது.

அமைப்புக்கான பெயரைத்தான் பேடன் பவல் இந்தியாவில் இருந்து எடுத்தார். 1876இல் இளம் அதிகாரியாக இந்தியாவுக்கு வந்த அவருக்கு எல்லைப்புறத்தின் ‘கைட்ஸ்’ படையைத் தெரியும். 1846 டிசம்பரில் பெஷாவரில் ஹரி லம்ஸ்டன் என்ற இளம் அதிகாரி அதைத் திரட்டியபோது ஒரு குதிரைப்படை அணியும் இரண்டு காலாட்படைப் பிரிவுகளும்தான் இருந்தன. பஷ்டூன், சீக்கியர், கூர்க்கா எனப் பலரும் அதில் சேர்ந்தார்கள். எல்லைப்புற மலைவழிகளையும் மொழிகளையும் அறிந்தவர்களே தேவைப்பட்டார்கள். முன்னே போய் வழி பார்ப்பது, செய்தி சேர்ப்பது, பின்னால் வரும் படையை நடத்திக்கொண்டு வருவது அவர்களுடைய வேலை. சிவப்புச் சட்டையும் இறுக்கமான கழுத்துப்பட்டியுமாகப் பிரித்தானியப் படைகள் வெயிலில் வாடிய காலத்தில், லம்ஸ்டன் தன் ஆட்களுக்குத் தொளதொளப்பான புழுதி நிற உடை கொடுத்தார். பாரசீகத்தில் ‘காக்’ என்றால் புழுதி. காக்கி என்ற சொல்லும் நிறமும் உலகப் படைகளுக்குப் பரவியது இங்கிருந்துதான். நம்மூர் பொலிஸ்காரர் வரை அந்தப் புழுதி ஒட்டியிருக்கிறது. 1857இல் இதே படை மர்தானில் இருந்து டெல்லி வரை 580 மைல்களை 22 நாட்களில் நடந்து முடித்தது. ஆண்டின் மிகக் கொடிய வெயில் காலம் அது. 1947 பிரிவினையில் படை பாகிஸ்தானுக்குப் போயிற்று.

ஒற்று வேலை பெண்களுக்கு ஒவ்வாது என்று ‘ஸ்கவுட்’ என்ற சொல்லைத் தள்ளிவிட்டு, ஒற்று வேலைக்கென்றே திரட்டிய படையின் பெயரைப் பெண்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று இதைவிட மோசம். இந்தியாவின் முதல் கைட் குழு 1911இல் ஜபல்பூரில் தொடங்கியபோது அதில் ஐரோப்பிய வம்சாவளிச் சிறுமிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்திய வீரர்களின் பெயரைச் சுமந்த அமைப்புக்குள் இந்தியச் சிறுமி நுழைய 1916 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1912இல் இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கோர்டன் லோவும் கைட்ஸ் என்றுதான் பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே அது ஸ்கவுட்ஸ் ஆயிற்று. தமிழில் அந்தச் சண்டையே எழவில்லை. ஆணுக்குச் சாரணர், பெண்ணுக்குச் சாரணியர். வேர் ஒன்று, விகுதி மட்டும் வேறு. சாரணர் என்பதற்கு அகராதி தரும் பொருள்களில் ஒன்று ஒற்றர். இராவணன் இராமனின் பாசறைக்கு வேவு பார்க்க அனுப்பிய இருவரில் ஒருவன் பெயரே சாரணன். இன்னொரு பொருள், ஊர் ஊராகச் சஞ்சரிக்கும் சமண முனிவர். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குப் போகும் வழியில் அத்தகைய சாரணரைக் கண்டு வணங்குகிறார்கள். வேவும் நடையும் ஒரே சொல்லில் இருக்கின்றன. கிறிஸ்டல் பலஸில் நின்ற சிறுமிகள் கேட்ட பெயரைத் தமிழ் கொடுத்துவிட்டது.

கனடா லண்டனைப் பின்பற்றியது. ரொறன்ரோவின் முதற்குழு 1910 கோடையிலேயே கிரெடிட் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தது. 1912இல் நாட்டின் முதல் தலைமை ஆணையாளராக மேரி பெலட் சீமாட்டி நியமனமானார். காசா லோமா மாளிகையைக் கட்டிய ஹென்றி பெலட்டின் மனைவி அவர். 98 அறைகள் கொண்ட அந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க இன்று கட்டணம் கொடுத்துப் போகிறவர்களில் பலர், அதன் புல்வெளியிலும் மண்டபத்திலும் சாரணியர் கூடினார்கள் என்பதை அறியாமலே திரும்புகிறார்கள். உடல்நலம் குன்றிச் சக்கர நாற்காலியில் இருந்த காலத்திலும் அவர் சிறுமிகளை வரவழைத்தார். 1923இல் வங்கி ஒன்று சரிந்ததில் கணவரின் செல்வமும் சரிந்தது. மாளிகை கைவிட்டுப் போயிற்று. 1924இல் இறந்த அவரைச் சாரணியர் சீருடையிலேயே அடக்கம் செய்தார்கள்.

1917இல் கனடிய நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அமைப்பைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் இலங்கையின் முதற்குழு கண்டி மகளிர் உயர் பாடசாலையில் தொடங்கியது. ஆகவே டோர்செட் பார்க்கில் பேத்தியைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகும் அம்மம்மாமாரில் சிலருக்கு இது புது விஷயம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் அவர்களே சல்யூட் அடித்தவர்கள். 1961இல் கனடிய அமைப்பு இப்போதைய ஆங்கில–பிரெஞ்சு இரட்டைப் பெயரை எடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், டோர்செட் பார்க் அடங்கிய ஸ்காபரோவின் வயல்கள் குடியிருப்புகளானபோது குழுக்களும் அவற்றோடு வந்தன. சொந்தக் கட்டடம் கேட்காத அமைப்பு என்பதால் அது எளிதாக நடந்தது.

பெயர்ச் சிக்கல் அத்தோடு தீரவில்லை. மிகச் சிறிய பிள்ளைகளின் பிரிவுக்கு ஆரம்பத்தில் ரோஜா மொட்டு என்று பொருள்படும் ‘ரோஸ்பட்’ என்ற பெயர் இருந்தது. பிள்ளைகளுக்கே அது பிடிக்கவில்லை. 1915இல் அது ‘பிரௌனி’ ஆனது. வீட்டார் தூங்கும் நேரத்தில் வந்து வேலையெல்லாம் செய்துவைத்துவிட்டுப் போகும் நல்ல குறளியின் பெயர் அது. ஜூலியானா யூவிங் என்ற ஆங்கில எழுத்தாளரின் கதையில் இருந்து வந்தது. கதை தெரியாத ஊரில் அந்தச் சொல்லின் முதற்பாதி தோல் நிறத்தைத்தான் சொல்லும். இந்தியா அந்தப் பெயரை விட்டு நீலப்பறவை என்று வைத்தது, பிறகு புல்புல் ஆக்கியது. இலங்கையிலும் இப்போது அவர்கள் ‘சின்னத் தோழி’ என்று பொருள்படும் பெயரில் இருக்கிறார்கள். கனடா கடைசியாக விழித்தது. அந்தப் பெயரால் தாங்கள் புண்பட்டதாக நிறம் காரணமாக ஒதுக்கப்பட்ட சிறுமிகளும் முன்னாள் உறுப்பினரும் சொன்னபின், வால்வெள்ளியா தணலா என்று உறுப்பினரிடம் கேட்டு, 2023 ஜனவரியில் ‘எம்பர்ஸ்’, அதாவது தணல் என்று மாற்றினார்கள். ஏழும் எட்டும் வயதுப் பிள்ளைகளின் பிரிவு அது. தெற்காசியப் பிள்ளைகள் நிறைந்த டோர்செட் பார்க்கின் கென்னடி–எல்ஸ்மியர் சந்திப்புப் பக்கம் இந்த மாற்றத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

உறுப்பினர் எடுக்கும் உறுதிமொழியும் மாறியது. 2010இல் கடவுள் என்ற சொல் நீங்கி, தன் நம்பிக்கைகளுக்கு உண்மையாக இருப்பேன் என்ற வாசகம் வந்தது. கந்தசட்டிக்கு விரதம் இருக்கும் வீட்டுப் பிள்ளையும் நோன்பு பிடிக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று சொல்லக்கூடியது அது. 2017 மார்ச்சில், எல்லையில் ஏதாவது ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்திவிடக்கூடும் என்பதால், அமெரிக்காவுக்கான புதிய பயணங்களை அமைப்பு நிறுத்தியது. நூற்றாண்டு கடந்த அமைப்பு எடுத்த மிக நல்ல முடிவு அதுதான்.

பிஸ்கட் அடுத்த வாரம், கட்டாயம். 1927இல் ரெஜைனா நகரத்துத் தலைவி ஒருவர் சீருடைக்கும் முகாம் பொருட்களுக்கும் பணம் சேர்க்க வீட்டில் சுட்டது, 1992இல் கனடிய விண்வெளி வீராங்கனை ரொபர்ட்டா பொண்டாரோடு விண்வெளி வரை போனது.