நாற்பதுக்கு மேல் ஒரு நோட்டுப் புத்தகம்

"இனிமே படிச்சு என்ன செய்யப் போறே?"

நாற்பது வயதில் புத்தகத்தைக் கையில் எடுக்கும் பெண் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. வீட்டில் கேட்பார்கள், தெருவில் கேட்பார்கள். ராத்திரி படுக்கும்போது நம் மனசே கேட்கும். இதற்கு நல்ல பதில் எங்கள் ஊர்ச் சரித்திரத்திலேயே இருக்கிறது, சகோதரிகளே!

தாமிரபரணி கடலோடு கலக்கிற இடம் எங்கள் புன்னக்காயல். முத்துக்குளித்துறை என்று பேர் பெற்ற இந்தக் கரைக்கு 1547-இல் ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் வந்தார். ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்பது அவர் பெயர். நம்மவர்களுக்கு அவர் அண்டிரிக் அடிகளார்.

1520-இல் பிறந்த அவர் முதலில் ஒரு துறவற சபையில் சேர்ந்தார். யூத வம்சத்தில் வந்தவர் என்பதால் அங்கே நீடிக்க முடியவில்லை. பிறகு கோயிம்பிரா என்ற ஊரில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545-இல் சேசு சபையில் சேர்ந்து, மறு வருஷமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். வழி எத்தனை தடவை மாறியது பாருங்கள்!

இங்கே வந்ததும் மறுபடியும் மாணவரானார். அவருக்கு முன்னால் வந்த சவேரியார், மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் மக்களிடம் பேசினார். அண்டிரிக் அடிகளாரோ தாமே தமிழ் படித்தார். மக்களோடு நேரடியாகப் பேசினார். தமிழுக்கு ஓர் இலக்கண நூலும் எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. பதினாறே பக்கம்தான்! 1586-இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' எங்கள் ஊரிலேயே அச்சானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. நாற்பதைப் போய் வயசாச்சு என்று சொல்லலாமா?

என் கதைக்கு வருகிறேன். பத்தாவது முடித்ததும் கல்யாணம். இருபது வருஷம் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்தேன். ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காதபோது, வேறு வேலை யோசிக்க வேண்டியதாயிற்று. எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் உண்டு. எழுந்து நின்று பேசத்தான் ஆள் இல்லை. பேங்கிலும் ஆபீஸிலும் நாலு வார்த்தை தெளிவாகப் பேச, ஒரு மனு எழுத, நாங்கள் அடுத்தவர் முகத்தைப் பார்த்து நிற்போம். அதனால் தகவல் தொடர்புப் படிப்பைக் குறி வைத்து, இப்போது பிளஸ் டூவுக்குப் படித்துக் கொண்டிருக்கிறேன்.

எங்க வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். இப்போது, "இன்னிக்குப் பாடம் படிச்சாச்சா?" என்று அவரே கேட்கிறார்.

பேசக் கற்றுக்கொள்வதன் பலன் முதலில் வீட்டில்தான் தெரியும். என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டரிடம் போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கொள்கிறேன்: என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், நாம் கேட்க வேண்டியது என்ன. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், எத்தனை டிகிரி, எத்தனை தடவை வாந்தி, பால் குடித்ததா, சிறுநீர் போனதா என்று குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு நிமிஷத்தில் டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிடும். அவர் சொன்னதை நாம் ஒரு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதும் அவசியம்.

பிள்ளைகளிடமும் அப்படித்தான். "ஏன் மார்க் குறைஞ்சுது?" என்று பாய்வதற்குப் பதில், "எந்தப் பாடம் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கத் தெரிந்தவளுக்குத்தான் பேசவும் வரும்.

படிக்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்:

* பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையிலேயே போங்கள். குறுக்கு வழியில் வாங்கும் பட்டம் அரசு வேலைக்கு உதவாமல் போகலாம்.
* பள்ளிப் படிப்பைத் தொடர, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. பட்டப் படிப்புக்கு, 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு.
* பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள்.
* தினம் ஒரு மணி நேரம் போதும். மத்தியானம் பாத்திரம் கழுவியதும் நான் உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரம் என்னுடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.
* பாடத்தைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்தது என்று அர்த்தம்.

படித்து முடித்ததும் வேலை கிடைக்குமா? கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால், போன மாதம் எங்கள் குழுவின் மனுவை நான்தான் எழுதினேன், நான்தான் ஆபீஸில் வாசித்தேன். குரல் நடுங்கியது உண்மை, பாதியில் நிற்கவில்லை. பழைய பெட்டியில் கிடக்கும் உங்கள் சர்டிபிகேட்டை இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள், சகோதரிகளே.