வீட்டு வெந்நீர்க் கொதிகலன்: அழுத்தக் கோளாறுகளும் பழுதுநீக்கமும்

வீட்டு வெந்நீர்க் கொதிகலன் என்பது குளிக்கவும் துவைக்கவும் தேவையான நீரைச் சூடாக்கித் தரும் கலன் ஆகும். தமிழ்நாட்டில் முன்பு விறகால் எரியும் செப்புப் பாய்லர் பரவலாக இருந்தது. இன்று அதன் இடத்தில் கீசர் எனப்படும் மின் கொதிகலன் உள்ளது. செப்புப் பாய்லரின் வாய் காற்றுக்குத் திறந்திருந்ததால் அதில் அழுத்தம் தேங்க வழியில்லை. கீசரோ எல்லாப் பக்கமும் மூடிய கலன். ஆகவே அதன் அழுத்தத்தைப் புரிந்துகொள்வது பழுதுபார்ப்புக்கு மட்டுமின்றி உயிர்ப் பாதுகாப்புக்கும் தேவையாகிறது.

அழுத்தம் உருவாகும் விதம்

கீசரில் அழுத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. முதலாவது, மேல்நிலைத் தொட்டியின் உயரம். ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்மட்டம் 1 பார் அழுத்தம் தரும். குளியலறைக் குழாய்க்கு 3 மீட்டர் மேலே நீர்மட்டம் இருந்தால் கிடைப்பது சுமார் 0.3 பார் மட்டுமே.

இரண்டாவது, வெப்பத்தால் நீர் விரிவது. 25 பாகை செல்சியசில் உள்ள நீரை 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு சுமார் 1.4 விழுக்காடு கூடும். 25 லிட்டர் கீசரில் இது ஏறத்தாழ 350 மில்லி லிட்டர். நீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், இந்தக் கூடுதல் நீருக்கு வெளியேற வழி வேண்டும்.

வால்வு சொட்டுதல்

கீசரின் குளிர்நீர்க் குழாயில் பொருத்தப்படும் பாதுகாப்பு வால்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது. சூடான நீர் தொட்டிக்குத் திரும்பாமல் தடுக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் நீரை வெளியே விடுகிறது. கீசர் சூடாகும்போது மட்டும் இந்த வால்வில் நீர் சொட்டினால் அது பழுதன்று. விரிந்த நீர் வெளியேறுகிறது என்பதே பொருள்.

சொட்டுவதை நிறுத்த வால்வின் வாயில் கட்டை செருகுவதோ, எம்-சீல் வைத்து அடைப்பதோ மிக ஆபத்தானது. ஒரு சிறிய குழாயை மாட்டிச் சொட்டும் நீரை வடிகாலில் விடுவதே சரியான தீர்வு. அந்தக் குழாயின் முனையும் திறந்தே இருக்க வேண்டும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். வால்வுக்குள் உப்புத் துகள் சிக்கியிருக்கலாம். அல்லது அழுத்த மோட்டார் பொருத்திய வீட்டில் வரும் அழுத்தம் வால்வின் அளவைத் தாண்டியிருக்கலாம். முதலாவதற்கு வால்வை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வு தேவை.

நீர் மெதுவாக வருதல்

இந்தக் குறைக்குக் காரணம் கண்டறிய எளிய சோதனை உண்டு. குளிர்நீர்க் குழாயும் மெதுவாக வந்தால் குறை தொட்டியின் உயரத்திலோ பொதுக் குழாயிலோ உள்ளது. வெந்நீர் மட்டும் மெதுவாக வந்தால் கீசரில் உப்புப் படிந்திருக்கலாம். தொட்டி முழுதும் காலியாகி மீண்டும் நிரம்பியபின் இந்தக் குறை தோன்றினால், குழாயில் காற்று அடைத்திருக்கும். வெந்நீர்க் குழாயைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

தருமபுரி மாவட்டத்தில் உப்புப் படிவுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. எனினும் இண்டூர் போன்ற ஊர்களில் குடிப்பதற்குக் காவிரி நீர் வந்தாலும், குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீரை நாடும் வீடுகள் உண்டு. கடினநீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து காயிலிலும் வால்விலும் படிகிறது. வெப்பம் கூடக் கூடப் படிவும் கூடும். கொதிக்கவைப்பதால் கடினத்தன்மை ஓரளவு குறையுமே தவிர, புளோரைடு நீங்காது. ஆகவே கீசர் நீரைச் சமையலுக்கோ குடிக்கவோ பயன்படுத்தக் கூடாது.

அழுத்தம் அளவு மீறினால்

நீர் குறித்த வெப்பத்தை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதானால் வெப்பத் துண்டிப்பான் நிறுத்தும். அதுவும் தவறினால் எஞ்சியிருப்பது பாதுகாப்பு வால்வு ஒன்றே. அதையும் அடைத்துவிட்ட வீட்டில் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறும். கலனுக்குள் 8 பார் அழுத்தம் இருந்தால் நீரின் கொதிநிலை ஏறக்குறைய 175 பாகை. அந்நிலையில் கலன் வெடித்தால், 15 லிட்டர் நீரில் சுமார் 2 லிட்டர் நொடிப்பொழுதில் ஆவியாகி 3,000 லிட்டருக்கும் மேல் விரியும்.

குழாயில் நீருடன் ஆவி சீறுதல், கலனுக்குள் இடைவிடாத கொதிப்பொலி, காட்டி விளக்கு அணையாமலே எரிதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். அப்போது குளியலறைக்குள் செல்லாமல், மின் பெட்டியில் உள்ள சுவிட்சை அணைக்க வேண்டும். குழாயையோ வால்வையோ தொடாமல், கலன் தானாக ஆறும்வரை விட்டுவிட்டுப் பின்னர் மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

குளிர்நாடுகளின் கொதிகலன்

பிரித்தானியா போன்ற நாடுகளில் வாழும் தமிழர் வீடுகளில் உள்ள கொதிகலன் வேறு வகையானது. அது அறைகளைச் சூடாக்கும் நீரை ஒரு மூடிய சுற்றில் ஓடவிடுகிறது. நீர் ஆறியிருக்கும்போது அளவியின் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். 1 பாருக்குக் கீழே இறங்கினால் நிரப்பு வால்வைத் திறந்து நீர் சேர்க்கலாம். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. சூடாகும்போது 3 பாரை நெருங்கினால் விரிவுக் கலனில் காற்று குறைந்திருக்கலாம். எரிவாயுப் பகுதியைத் தகுதிபெற்ற பணியாளர் மட்டுமே திறக்க வேண்டும்.

பராமரிப்பு

இந்தியாவில் சேமிப்புக் கலனுள்ள மின் கீசர்களுக்கு ஐஎஸ் 2082 தரநிலை உள்ளது. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்க்க வேண்டும். கடினநீர் உள்ள ஊர்களில் ஆண்டுக்கொருமுறை உப்புப் படிவை நீக்கி, கலனைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியக் கம்பியையும் சோதிப்பது நல்லது. வெப்பத்தை 60 பாகைக்கு மேல் வைக்காவிட்டால் படிவு குறையும். புதிய கீசரில் வெந்நீர்க் குழாய் வழியே நீர் வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சட்டப்படி ஆய்வாளர்கள் சோதிக்கின்றனர். 100 பாகைக்குக் கீழ் நீரைச் சூடாக்கும் கலன்கள் அச்சட்டத்தில் அடங்கா. வீட்டுக் கீசரைப் பார்க்க ஆய்வாளர் எவரும் வருவதில்லை. அதன் வால்வு திறந்திருக்கிறதா என்று வீட்டாரே பார்த்துக்கொள்ள வேண்டும்.