வெள்ளைக் கோட்டைத் தேடாதீர்கள்!

மேயோ கிளினிக் என்ற மருத்துவமனையின் வராந்தாவில் நின்றுகொண்டு டாக்டரைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். அதோ, கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பியவர் மாதிரி கோட்டும் டையுமாக வருகிறாரே, அவர்தான் இதய மருத்துவராக இருப்பார்! வரும் நோயாளியை விருந்தாளியாக நினைத்து நல்ல உடுப்பில் வரவேற்க வேண்டும் என்பது அங்கே காலங்காலமான வழக்கம்.

ஊர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர். சுமார் 1.2 லட்சம் பேர்தான். கடற்கரை கிடையாது; குளிர்காலத்தில் மூக்கு விறைத்துவிடும். நியூயார்க்கில் போர்டு மாட்டிக் கொழிக்க வேண்டிய கெட்டிக்காரர்கள் இங்கே என்னதான் செய்கிறார்கள்?

முதலில் சம்பளக் கவரை எட்டிப் பார்ப்போம். (கெட்ட பழக்கம்தான், யார் விட்டது!) எத்தனை பேரைப் பார்த்தாலும், எத்தனை ஆபரேஷன் செய்தாலும் தொகை ஏறாது. அதனால் பக்கத்து அறை நிபுணரைக் கூப்பிட்டு "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டால், கேஸ் கைமாறிப் போகுமே என்று யார் வயிறும் எரியாது. நிறுவனத்தை வளர்த்த வில்லியம் மேயோ, சார்லஸ் மேயோ சகோதரர்களே 1919-இல் தங்கள் சொத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தவர்கள்.

இப்போது ஆபரேஷன் தியேட்டர் பக்கம். சத்தம் போடாதீர்கள்! 1905 வாக்கில் வில்லியம் மேயோவுக்கு ஓர் ஆசை: நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போதே, வெட்டியெடுத்த சதை புற்றுநோயா இல்லையா என்று தெரிய வேண்டும். அப்போதெல்லாம் அதற்கு நாள்கணக்காகும். நோயியல் மருத்துவர் லூயிஸ் வில்சன் என்ன செய்தார் தெரியுமா? சதைத் துண்டை ஜன்னலுக்கு வெளியே வைத்தார்! ஊர்க் குளிர் இலவசமாக உறையவைத்துக் கொடுத்தது. மெல்லிசாகச் சீவி, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சில நிமிடங்களில் பதில்! இன்றும் அங்கே அறுவை மருத்துவர் கத்தியோடு காத்திருக்க, உறைந்த சதையைப் பார்த்துப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. இப்படி ஒரு துணை கிடைத்தால் எந்த சர்ஜன்தான் ஊரைவிட்டுப் போவார்?

ஹென்றி பிளம்மர் என்ற விசித்திர மருத்துவர் வேறு அங்கே இருந்தார். ஒவ்வொரு டாக்டரும் தனித்தனிப் பேரேட்டில் கிறுக்கி வைத்திருந்ததை 1907-இல் மாற்றி, நோயாளிக்கு ஓர் எண், ஒரே கோப்பு என்று ஆக்கினார். அந்தக் கோப்பு மாடிக்கு மாடி காற்றுக் குழாய்களில் விர்ரென்று பறந்தது! பரிசோதனை அறை வாசலில், உள்ளே யார் என்று சொல்லும் வண்ண விளக்குகளும் அவர் வேலைதான்.

சரி, அந்தக் குளிரில் கோட்டு சூட்டுக்காரர்கள் கட்டடம் விட்டுக் கட்டடம் எப்படிப் போகிறார்கள்? தரைக்கடியில் சுரங்கப்பாதை, தலைக்கு மேல் கண்ணாடிப் பாலம்! வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, டை கூடக் கலையாமல் வந்து சேருகிறார்கள்.