வளரும் விரல்களுக்கு ஏற்ற இசைப்புத்தகம்

பிள்ளையைப் பியானோ வகுப்புக்கு அனுப்பும் பெற்றார், வாத்தியத்தை வாங்குவதிற் காட்டும் அக்கறையில் நாலில் ஒரு பங்கையேனும் புத்தகத்தைத் தெரிவு செய்வதிற் காட்டுவதில்லை. பியானோ வாங்கும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோம். கட்டைகளைத் தட்டிப் பார்க்கிறோம். மரத்தைப் பூச்சி அரித்திருக்கின்றதா என்று குனிந்து நோக்குகிறோம். புத்தகம் என்று வந்ததும், அட்டையின் அழகையோ அதிலுள்ள சினிமாப் பாட்டின் பெயரையோ கண்டு மயங்கி வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதற் பக்கமே பிள்ளையின் கைக்கு எட்டாததாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எட்டாத சுரப்புத்தகமும் அத்தகையதே.

இது காசுக் கணக்கு மாத்திரமன்று. நம் நாட்டிற் பியானோ பயிலும் பிள்ளைகளிற் பலர் லண்டனைச் சேர்ந்த பரீட்சைச் சபைகளின் தரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏறுபவர்கள். 1889ஆம் ஆண்டில் தோன்றிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபையின் வழக்கமான செய்முறைப் பரீட்சைக்கு மூன்று உருப்படிகள் வேண்டும். ஆகவே ஆண்டு முழுவதும் அந்த மூன்றையுமே திரும்பத் திரும்ப வாசித்து, சித்தியெய்தி, மறுநாளே அடுத்த மூன்றைத் தொடங்குகிறார்கள். ஐந்தாந் தரம் தேறிய பிள்ளையிடம், வீட்டுக்கு வந்த பெரியம்மா, "எங்கே பிள்ளை, ஒன்று வாசி, கேட்போம்" என்றால் அது விழிக்கிறது. பழைய மூன்றும் மறந்துபோயின. புதிய மூன்றும் இன்னும் கைவரவில்லை. இப்படி வளர்ந்த பிள்ளை, கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பியானோவை மூடினால் மறுபடி திறப்பதில்லை. பரீட்சைக்கு அப்பாலும் அப்பிள்ளை இசையோடு வாழுமா என்பது, பரீட்சைப் புத்தகத்துக்கு அருகில் நாம் எந்தப் புத்தகத்தை வைக்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

பிள்ளைகளுக்கென்று எழுந்த இசை

இளம் வாசிப்பாளருக்கென்றே பெரிய சாகித்தியகர்த்தாக்கள் எழுதும் வழக்கம் புதிதன்று. ஜெர்மனியின் றொபேட் ஷூமன் 1848ஆம் ஆண்டில், தம் மூத்த மகள் மரியின் ஏழாவது பிறந்த நாளுக்காகச் சில சிறு உருப்படிகளை எழுதத் தொடங்கினார். பாடங்களிற் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் உருப்படிகள் மட்டமானவை என்ற மனக்குறை அக்குடும்பத்தில் இருந்தது. அவ்வாறு தொடங்கியது 43 உருப்படிகள் கொண்ட 'இளைஞர் தொகுதி'யாக வளர்ந்தது. ருஷியாவின் சைக்கோவ்ஸ்கி அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1878இல் 24 உருப்படிகளை இயற்றினார்.

இவை இன்றும் நல்லவையே. ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், பிள்ளையின் காது நூறாண்டுகளுக்கு முந்திய இசையோடு நின்றுவிடும். தன் காலத்து இசையையும், அதற்குச் சற்று முந்திய காலத்து இசையையும் அறியாத பிள்ளை, பழைய செய்யுளை மாத்திரம் படித்து, அன்றாடம் பேசும் பாஷையில் ஒரு கடிதம் எழுதத் தெரியாத மாணாக்கனை ஒக்கும். எனவே 'நவீன' இசைப்புத்தகம் ஒன்றேனும் வீட்டில் இருத்தல் அவசியம்.

பார்ட்டொக் வகுத்த படிகள்

நவீன இசைக்குள் நுழைய மிகச் செம்மையான வாசல் எதுவென்று கேட்டால், ஹங்கேரி நாட்டு பேலா பார்ட்டொக்கின் 'மைக்ரோகொஸ்மொஸ்' என்றே நாம் சொல்வோம். 1926 முதல் 1939 வரை எழுதப்பெற்று, 1940இல் வெளிவந்த இதில் 153 உருப்படிகள் ஆறு தொகுதிகளாக உள்ளன. முதலிரு தொகுதிகளையும் அவர் தம் மகன் பீட்டருக்குச் சமர்ப்பித்தார். தொடக்க உருப்படிகளில் இரு கைகளும் ஒரே மெட்டையே எட்டுச் சுரம் தள்ளி வாசிக்கின்றன. ஐந்து விரல்களும் வைத்த இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஆறாந் தொகுதியிற் பல்கேரிய லயத்தில் அமைந்த ஆறு நடனங்களோடு முடிகிறது. அத்தொகுதியில் ஓர் ஈயின் நாட்குறிப்பு என்ற வேடிக்கையான உருப்படியும் உண்டு. பிள்ளைகள் அதன் பெயரைக் கேட்டே சிரிப்பார்கள்.

பல்கேரிய லயம் என்றால் என்ன? சமமில்லாத அடிகள் சேர்ந்த தாளம். இரண்டும் இரண்டும் மூன்றுமாக ஏழு எண்ணிக்கை வரும். மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது புதுமை. மிச்ரசாபு தாளத்தில் மூன்றும் நாலுமாக ஏழு எண்ணிப் பழகிய நம் பிள்ளைகளுக்கோ அது தூரத்து உறவினர் போலத் தோன்றும். வீட்டிலே மிருதங்கமோ பரதநாட்டியமோ பயிலும் சகோதரர் இருந்தால், இவ்வுருப்படிகளுக்கு அவரே கைத்தாளம் போடலாம்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. முதற் கேள்வியில் மைக்ரோகொஸ்மொஸ் சில பிள்ளைகளுக்குக் கசக்கும். சுரங்கள் ஒன்றோடொன்று உரசும். அவ்வாறானால் அதே ஆசிரியரின் 'பிள்ளைகளுக்காக' என்ற புத்தகத்தை முதலிற் கொடுக்கலாம். ஹங்கேரிய, சிலோவாக்கிய நாட்டுப்பாடல் மெட்டுக்களை வைத்து 1908, 1909ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்டது அது. முதற் பதிப்பில் 85 உருப்படிகள் இருந்தன. பின்னர் ஆசிரியரே திருத்தியபோது 79 ஆகக் குறைந்தன. குடியானவர் வாயிலிருந்து வந்த மெட்டுக்களாதலால் அவை மனத்தில் எளிதிற் பதியும்.

வடக்கிலிருந்து வந்த மூவர்

சோவியத் நாட்டுச் சாகித்தியகர்த்தாக்கள் மூவரின் புத்தகங்களும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கன. புரொகொபீவ் 1935இல் 'பிள்ளைகளுக்கான இசை' என்று 12 உருப்படிகளை இயற்றினார். ஷொஸ்டகோவிச் தம் மகள் கலினாவுக்காக 1944, 1945இல் எழுதிய ஏழு சிறு உருப்படிகள் தொடக்கநிலைக்கு மிகவும் உகந்தவை. கபலெவ்ஸ்கியின் 39ஆம் இலக்கப் படைப்பாகிய 24 உருப்படிகளோ, ஆசிரியைமார் பலர் அன்றும் இன்றும் கைவிடாத புத்தகம். அதிலுள்ள 'கோமாளிகள்' என்ற சிறு உருப்படி, பெரிய மூன்றாஞ் சுரத்துக்கும் சிறிய மூன்றாஞ் சுரத்துக்கும் இடையே தாவித் தாவி விளையாடுகிறது. ஒரு சுரம் அரைப்படி இறங்கினால் முகம் எப்படி மாறுகின்றது என்பதை நூறு வார்த்தைகளால் விளக்குவதினும் இவ்வொரு பக்கம் நன்றாக விளக்கிவிடும்.

நம் காலத்தவர்

இனி, நம் காலத்தை ஒட்டியவற்றுக்கு வருவோம். ஹங்கேரியரான ஜொர்ஜ் கூர்ட்டாக் 1973 முதல் எழுதிய 'விளையாட்டுக்கள்' என்ற வரிசையில், பிள்ளை உள்ளங்கையாலும் முட்டிக்கையாலும் கட்டைகளை அழுத்துகிறது. விரலைக் கட்டைகளின் மேலே வழுக்கி ஓட்டுகிறது. இது குறும்பன்று. பியானோவைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு அதன் முழு நீளமும் தனக்கே உரியது என்ற துணிவைக் கொடுக்கும் வழி.

நியூசிலாந்திற் பிறந்த கிறிஸ்தோபர் நோட்டன் 1983 முதல் வெளியிட்ட 'மைக்ரோஜாஸ்' வரிசை, ஜாஸ், புளூஸ், றொக் முதலிய நடைகளைச் சிறு விரல்களுக்கு அளவாகத் தருகிறது. தாளத்தில் உயிரில்லாமல் வாசிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது. தாலியா மையர்ஸ் அம்மையார் தொகுத்து, 1996இல் வரத் தொடங்கிய 'ஸ்பெக்ட்ரம்' வரிசையோ, அக்காலத்து வாழும் சாகித்தியகர்த்தாக்கள் பலரிடம் சிறு உருப்படிகளைக் கேட்டு வாங்கித் தொகுத்தது. ஒரே புத்தகத்திற் பல குரல்களைக் கேட்க விரும்புவோர் இதனை நாடலாம். வரிசையின் எல்லாத் தொகுதிகளும் ஒரே தரத்தினவல்லவாதலின், எந்தத் தொகுதி என்று ஆசிரியையைக் கேட்டே வாங்க வேண்டும்.

பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் தாமாகவே கேட்பது பெரும்பாலும் லூடோவிக்கோ ஐனாவுடியின் இசையையே. 1955இல் இத்தாலியின் தூரின் நகரிற் பிறந்த இவர், அந்நாட்டுச் சனாதிபதியாயிருந்த லூயிஜி ஐனாவுடியின் பேரர். 1996இல் வந்த 'அலைகள்' இவரது புகழுக்கு அடிகோலியவற்றுள் ஒன்று. இடக்கை ஒரே வடிவத்தை மீட்டி மீட்டி வர, வலக்கையில் எளிய மெட்டு மிதக்கும். "இதில் என்ன சங்கீதம் இருக்கிறது?" என்று பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. நாம் அவ்வாறு தள்ளிவிடமாட்டோம். இரு கைகளின் ஒலியளவையும் வேறுபடுத்தி வாசிக்கவும், பெடலைக் காதால் அறிந்து மாற்றவும், அவசரப்படாதிருக்கவும் இவ்விசை கற்பிக்கும். ஆனால் இதையே நித்திய உணவாக்கினால், வலக்கை விரல்களின் வேகமும், சுரலிபியைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ஆற்றலும் வளரா. பாயசம் நல்லதுதான், அதனால் மூன்று வேளையும் பாயசமே உண்பாருண்டோ?

இன்னும் முதிர்ந்தவர்களுக்கு அமெரிக்கரான பிலிப் கிளாஸின் இருபது அப்பியாச உருப்படிகள் உண்டு. தம் சொந்த வாசிப்பைச் சீராக்குவதையும் ஒரு நோக்கமாகக் கொண்டு அவர் இவற்றைத் தொடங்கினார். 1990களில் ஆரம்பித்த வேலை 2012இல் நிறைவெய்தியது. பேர்பெற்ற வித்துவானும் அப்பியாசம் செய்கிறார் என்பதைப் பிள்ளைக்குச் சொல்வதில் நன்மையுண்டு.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புத்தகத்தின் பெயர் தெரிந்தாற் போதாது. கையில் எடுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உள.

முதலாவது, கையின் அளவு. பியானோவில் எட்டாஞ் சுரம் வரையுள்ள ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம் ஏறக்குறைய 16.5 சென்றிமீற்றர். பத்து வயதுப் பிள்ளை பலவற்றின் கை அதற்கு நோகாமல் விரியாது. எட்டுச் சுர இடைவெளிகள் அடுக்கடுக்காக வரும் பக்கங்களைக் கண்டால், புத்தகத்தை மூடி வைத்து இரண்டாண்டு பொறுப்பதே உத்தமம். வலியோடு வாசிப்பதைப் பயிற்சி என்று எண்ணலாகாது.

இரண்டாவது, வீட்டிலுள்ள வாத்தியம். முழுப் பியானோவுக்கு 88 கட்டைகள். பல வீடுகளிலுள்ள மின்வாத்தியத்துக்கோ 61 தான். மைக்ரோகொஸ்மொஸின் ஆரம்பத் தொகுதிகளுக்கு அது போதும். ஆழ்ந்த கீழ்ச்சுரங்களையும் பெடலையும் நம்பி எழுதப்பட்ட பிற்கால இசைக்குப் போதாது.

மூன்றாவது, 'எளிதாக்கப்பட்டது' என்ற சொல். புகழ்பெற்ற உருப்படியைச் சுருக்கி, கறுப்புக் கட்டைகளைத் தவிர்த்து, வேறு சுருதிக்கு மாற்றி அச்சிட்டிருப்பார்கள். பிள்ளை கேட்ட இசை ஒன்று, கையில் வருவது வேறொன்று. இயன்றவரை, எளிமையாகவே பிறந்த இசையைத் தேடுக. அமெரிக்கரான வில்லியம் கில்லொக் 1958இல் வெளியிட்ட 24 பாவகீதப் பிரெலூட்கள் இதற்கு நல்ல உதாரணம். கறுப்புக் கட்டைகளுக்கு அஞ்சாமல், எல்லாச் சுருதிகளிலும் அழகு குன்றாமல் எழுதியிருக்கிறார்.

நான்காவது, அச்சு. விரல் எண்கள் போடப்பட்டிருக்கின்றனவா? பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் ஒரு கைக்கேனும் ஓய்வு உண்டா? புத்தகம் தாங்கியில் விரித்தபடி நிற்குமா? சிறிய விடயங்கள்போலத் தோன்றினும், ஒவ்வொரு நாளும் மூடிக்கொள்ளும் புத்தகத்தோடு போராடும் பிள்ளை வெகு சீக்கிரம் சலித்துவிடும்.

மூன்று புத்தகக் கணக்கு

ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம் வேண்டும்? மூன்று போதும் என்பது நம் அபிப்பிராயம். ஒன்று, பிள்ளையின் தரத்துக்கு ஒத்தது. அதனை ஆசிரியை தெரிவு செய்யட்டும். இன்னொன்று, இரண்டு தரம் தாழ்ந்தது. நாள்தோறும் ஒரு புதிய பக்கத்தைத் தடையின்றி வாசித்துப் பழகுவதற்கு அது. நம் வீடுகளிற் பெரும்பாலும் இல்லாதது இதுவே. வாசிப்பு வேகம் வளர்வதோ இதனால்தான். மூன்றாவது, பிள்ளை தானே விரும்பித் தெரிந்தது. அது நமக்குப் பிடிக்காவிடினும் வாய் திறவாதிருப்போமாக.

புத்தகத்தின் விலை அதிகம் என்பது மெய்யே. அதனால் நிழற்பிரதி எடுக்கும் வழக்கமும் பெருகியுள்ளது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. ஷூமன், சைக்கோவ்ஸ்கி முதலியோரின் இசை எவர்க்கும் பொது. 1945இல் மறைந்த பார்ட்டொக்கின் இசைக்கும் இங்கு அக்காலம் கடந்துவிட்டது. ஆயினும் அண்மையில் ஒருவர் திருத்தி வெளியிட்ட பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். உயிரோடிருக்கும் ஒருவரின் புத்தகத்தை முழுதாகப் பிரதி பண்ணுவது அவர் உழைப்பின் கூலியைத் தடுப்பதாகும். நாலைந்து குடும்பங்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி, முறைவைத்து மாற்றிக் கொள்வதே நேர்மையும் சிக்கனமும் ஒருங்கமைந்த வழி.

கடைசியாக ஒன்று. புத்தகத்தை வாங்கிக் கொடுத்ததோடு பெற்றாரின் கடமை முடிந்துவிடாது. மாலையிற் சமையலறை வேலையை ஒரு பத்து நிமிடம் நிறுத்தி, பத்திரிகையை ஒரு பத்து நிமிடம் மடித்து வைத்து, பிள்ளையின் அருகிலிருந்து கேளுங்கள். பரீட்சகருக்காக வாசிக்கும் உருப்படி பரீட்சையோடு போய்விடும். தாய்க்கும் தகப்பனுக்கும் வாசித்துக் காட்டிய உருப்படியோ, தலை நரைத்த பின்னரும் விரல் நுனியில் நிற்கும்.