மழையை ஜெயித்த கட்டில்

அப்பளம் இட்டு விற்கும் பெண்களுக்கு மழைக்காலம் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மாவு பிசைந்தாயிற்று, இட்டாயிற்று. காய வைக்க வெயில் வேண்டாமா?

1959-ல் பம்பாய் கிர்காமில் 7 குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளத் தொழில் ஆரம்பித்தார்கள். பின்னாளில் பிரசித்தி பெற்ற 'லிஜ்ஜத்' அதுதான். முதல் வருஷமே மழையால் 4 மாதம் தொழில் நின்றது. மறு வருஷம் ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை தன் பாட்டுக்குப் பெய்தது. அப்பளம் தன் பாட்டுக்கு உலர்ந்தது!

'திட்ட நிர்வாகம்' என்று பெரிய பெயர் வைத்துச் சொல்வதன் சாரமும் இதுதான். 1957-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் கம்ப்யூட்டரின் துணையோடு வகுத்த முறையும், "எந்த வேலை தாமதித்தால் மொத்தக் காரியமும் தாமதிக்குமோ, அதில் கண்ணாக இரு" என்பதே.

வடாமோ, தையலோ, சிறு தொழில் நடத்தும் சகோதரிகளே! ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். எதற்கு எத்தனை நாள், எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று குறியுங்கள். உலர்த்துவதோ, காஜா எடுப்பதோ, சிக்கிக்கொள்ளும் இடம் காகிதத்திலேயே தெரிந்துவிடும். 4 மாதம் நஷ்டப்படாமல், மழைக்கு முன்பே கட்டிலை வாங்கிவிடலாம் அல்லவா?