சுருட்டின் மேலிலை

உயர்ந்த ரகச் சுருட்டு ஒன்றை எடுத்து மெல்லப் பிரித்துப் பார்த்தால், அதில் மூன்று விதமான இலைகள் இருப்பது தெரியும். நடுவில் திணித்திருப்பது உள்ளிலை. அதைக் குலையாமல் சுற்றிப் பிடித்திருப்பது கட்டிலை. இவ்விரண்டையும் மறைத்துக்கொண்டு, பட்டுப் போல வழவழப்பாக மேலே சுற்றியிருப்பதுதான் மேலிலை. எடையில் இம்மூன்றாவது மிகவும் சொற்பம். விலையிலோ அதற்கே முதலிடம். ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும், நரம்பு சற்றே தடித்துப் போனாலும், அந்த இலை மேலிலை என்ற பதவியை இழந்து உள்ளே போய்விடும்.

நாம் சுருட்டுப் பிடிப்பவர் அல்லோம். புகையிலை உடலுக்கு விளைக்கும் கேட்டையும் நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் இந்த ஒற்றை இலையைத் தேடி மனிதர்கள் காடுகளை அழித்ததையும், கடல் கடந்து கூலிகளைக் கொண்டுபோனதையும், வயல்களுக்கு மேல் துணியால் கூரை போட்டதையும் படிக்கும்பொழுது, இதைப் பற்றி எழுதாமலிருக்க மனம் வரவில்லை.

முதலில் நிறத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். மேலிலையின் நிறத்துக்கு வியாபாரிகள் ஸ்பானிஷ் பாஷைப் பெயர்களையே வழங்குகிறார்கள். இளம் பழுப்பு நிறம் ‘கிளாரோ’, செம்பழுப்பு ‘கொலராடோ’, கருத்தது ‘மடூரோ’. கடைசிச் சொல்லுக்குப் ‘பழுத்தது’ என்று பொருள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு செடி இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. ஒரே செடியில் அடியில் இருக்கும் இலை மெல்லியது, வெளிறியது. உச்சியில் வெயில் குடித்த இலை தடித்தது, கருப்பது. பறித்த பின் செய்யும் பக்குவமும் நிறத்தை மாற்றும். இலைகளைக் கட்டுக் கட்டாகப் போர் போல் அடுக்கி வைத்தால் அவை தாமாகவே சூடேறிப் புழுங்கும். போரைப் பிரித்து, அடியில் உள்ளதை மேலும் மேலே உள்ளதை அடியிலுமாக மாற்றி அடுக்குவார்கள். புழுக்கம் நீள நீள நிறம் கருக்கும். இதற்கு மாறாக, பறித்தவுடன் சூட்டில் வேகமாக உலர்த்திப் பச்சை நிறம் மாறாமல் காப்பதும் உண்டு. அதற்குக் ‘கண்டேலா’ என்று பெயர். நம் நாட்டில் புகையிலையைப் பக்குவப்படுத்துவதைப் ‘பாடம் செய்தல்’ என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாம் செய்யும் பாடம் இவ்வளவு சீராகப் பக்குவப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

கியூபாவின் மேற்குக் கோடியிலுள்ள பினார் தெல் ரியோ மாகாணத்தின் இலைக்கு உலகெங்கும் பெயர் உண்டு. அங்கே ‘கொரோஹோ’ என்ற ஜாதி நெடுங்காலம் மேலிலைக்கென்றே பயிராயிற்று; நோய்க்கு எளிதில் இரையாகும் செடி அது. 1979, 1980-ம் ஆண்டுகளில் நீலப் பூஞ்சை நோய் கியூபாவின் புகையிலைப் பயிரைப் பாழாக்கிய பின், நோயைத் தாங்கும் கலப்பு ஜாதிகள் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தன.

ஆனால் மேலிலைக்கென்றே ஒரு தேசத்தை உருமாற்றிய கதையைக் கேட்கவேண்டுமானால் சுமத்ராவுக்குத்தான் போகவேண்டும். அத்தீவின் வடகிழக்குக் கரையில் டெலி என்ற சிறு ராஜ்யம் இருந்தது. 1863-ல் நியென்ஹியுஸ் என்ற டச்சு வியாபாரி அங்கே வந்து புகையிலை பயிரிட்டார். அந்த மண்ணில் விளைந்த இலை மெல்லியது, இழுத்தால் கிழியாதது, உள்ளே இருக்கும் புகையிலையின் மணத்தைத் தன் மணத்தால் கெடுக்காதது. கொஞ்ச எடையில் ஏராளமான சுருட்டுகளைப் போர்த்தலாம். ஐரோப்பிய வியாபாரிகள் அதற்குப் பறந்தார்கள். 1869-ல் டெலி கம்பெனி ஏற்பட்டது. ஒரு முறை பயிரிட்ட நிலத்தை ஏழெட்டு ஆண்டு காடாக வளரவிட்டுத்தான் மறுபடி பயிரிட முடியும். ஆகையால் காடு மேலும் மேலும் அழிந்தது.

காட்டை வெட்ட ஆள் வேண்டுமே! முதலில் சீனர்கள், பிறகு ஜாவாக்காரர்கள். இவர்களோடு தமிழர்களும் பினாங்கு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். புகையிலைப் பாத்தியைச் சீனர் கவனித்தார்கள். வாய்க்கால் வெட்டுவதும், பாதை போடுவதும், மாட்டு வண்டி ஓட்டுவதும் பெரும்பாலும் தமிழர் பங்காயிற்று. டெலியின் தலைநகராக வளர்ந்த மேதான் நகரில் 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதைச் சுற்றிய பகுதிக்குக் கம்போங் கெலிங் என்று பெயர் வழங்கிற்று. இப்பொழுது கம்போங் மதராஸ் என்கிறார்கள்.

1880-ல் டச்சு சர்க்கார் கூலிச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த கூலி, வேலையை விட்டு ஓடினாலோ வேலை செய்ய மறுத்தாலோ, அது கிரிமினல் குற்றம், சிறைவாசம் உண்டு. கடன்காரன் மேல் சிவில் வழக்குப் போடுகிற உலகத்தில் கூலிக்காரனுக்கு மட்டும் விலங்கு! 1902-ல் மேதானில் வக்கீலாக இருந்த வான் டென் பிராண்ட் என்ற டச்சுக்காரரே ‘டெலியின் கோடிகள்’ என்று பொருள்படும் ஒரு சிறு நூல் எழுதித் தோட்டங்களில் நடந்த சவுக்கடிகளை அம்பலப்படுத்தினார். அதன்மேல் ரெம்ரெவ் என்ற சர்க்கார் வக்கீல் விசாரித்து 1904-ல் அறிக்கை கொடுத்தார். அது பீரோவில் பூட்டப்பட்டது. 1987-ல் யான் பிரேமன் என்ற ஆராய்ச்சியாளர் வெளியிடும் வரையில், எண்பது ஆண்டுகளுக்கு மேல் பொதுமக்கள் அதைப் படிக்க முடியவில்லை.

நம்முடைய தொழிலைச் சேர்ந்த ஒருவரும் இக்கதையில் வருகிறார். ஹாலந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றுத் திரும்பிய தான் மலாக்கா, 1919-ன் இறுதியில் தஞ்சோங் மொராவாவிலுள்ள புகையிலைக் கம்பெனித் தோட்டத்தில் கூலிகளின் குழந்தைகளுக்கு வாத்தியாராக அமர்ந்தார். வகுப்பில் அவர் என்ன கற்பித்தாரோ, தோட்டம் அவருக்குக் கற்பித்தது அதிகம். 1921-ல் வேலையை விட்டு வெளியேறியவர் இந்தோனேஷிய விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரானார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் என்ன நடந்தது? சுமத்ரா இலை வந்து குவிவதைக் கண்டு அங்குள்ள விவசாயிகள் அலறினார்கள். 1890-ம் வருஷத்துச் சுங்கச் சட்டம் அயல்நாட்டு மேலிலைக்குப் பவுண்டுக்கு இரண்டு டாலர் வரி போட்டது. வரி போட்டால் மட்டும் போதுமா? அதே போன்ற இலையை உள்ளூரில் விளைவிக்க வேண்டாமா? கனெக்டிகட் நதிப் பள்ளத்தாக்கில் விண்ட்ஸர் என்னும் ஊரில், 1900-ல், சுமத்ரா விதையை விதைத்து, கம்பங்கள் நட்டு, வயல் முழுவதையும் மெல்லிய துணியால் மூடினார்கள். துணி வெயிலைத் தணித்தது. உள்ளே ஈரப் புழுக்கத்தைத் தங்கவைத்தது. இலை மெல்லியதாகப் பொன்னிறத்தில் விளைந்தது. வடக்கத்திய குளிர்நாட்டில் உஷ்ணதேசத்தின் ஒரு துண்டைத் துணியால் உண்டாக்கிவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும். அதே பள்ளத்தாக்கில் திறந்த வெயிலில் வளரும் அகலஇலை ஜாதி, தடித்துக் கருத்த மடூரோவுக்கு ஏற்றது.

1930-ல் அமெரிக்கா இயற்றிய மற்றொரு சுங்கச் சட்டம், தண்டனைக்குப் பயந்து உழைக்கும் ஒப்பந்தக் கூலிகள் உண்டாக்கிய சரக்கை இறக்குமதி செய்யலாகாது என்று விதித்தது. உள்நாட்டு விளைவைக் காக்கும் சட்டத்தின் ஒரு ஷரத்து அது. தயை மட்டுமே அதற்குக் காரணம் என்று நாம் நம்பவில்லை. எப்படியாயினும் பலன் உடனே தெரிந்தது. அமெரிக்கச் சந்தையை இழக்க அஞ்சிய டெலி புகையிலைத் தோட்டக்காரர்கள் 1931-ல் அந்தச் சிறைத் தண்டனை ஒப்பந்தங்களைக் கைவிட்டார்கள். ஐம்பது ஆண்டுகளாகக் கூலிகளின் கண்ணீர் செய்யாததை இரண்டொரு வாக்கியங்கள் செய்தன! பிறகு 1957-ன் இறுதியில் சுதந்திர இந்தோனேஷியா டச்சுத் தோட்டங்களைக் கைப்பற்றியது. இலை ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்குப் போகாமல் ஜெர்மனியின் பிரேமன் துறைமுகத்தில் இறங்கிற்று. பழைய கம்பெனிகள் அது தங்கள் சொத்து என்று அங்கே வழக்குத் தொடுத்து, 1959-ல் தோற்றன.

கனெக்டிகட்டின் துணிக் கூரைகளுக்கு மீண்டும் வருவோம். அங்கே வேலை செய்தவர்கள் யார்? முதல் உலக யுத்த காலம் முதற்கொண்டே தென் மாகாணங்களின் நீக்ரோக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் அங்கே கூலிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். 1944-ல் ஸிம்ஸ்பரி என்ற ஊருக்கு அவ்வாறு வந்தவர்களில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மார்டின் லூதர் கிங். நாளெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, வாஷிங்டனைத் தாண்டிய பிறகு இங்கே வெள்ளையர் நம்மை ஒதுக்கவில்லை, ஒரே கோயிலில் தொழுகிறோம், ஹார்ட்போர்டு நகரத்தின் சிறந்த ஹோட்டலில் அமர்ந்து சாப்பிட்டோம் என்று வியந்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். திரும்பும் வழியில், ரயிலின் சாப்பாட்டு வண்டியில், வெள்ளையர் கண்ணில் படாதபடி அவனைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். அந்தத் திரையை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை.

அதே கனெக்டிகட் விதை இப்பொழுது தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிலும் மிகுதியாகப் பயிராகிறது. அங்கே மலையடிவாரத்தில் மேகம் கவிந்தே இருப்பதால், கம்பமும் துணியும் வேண்டியதில்லை.