குறைந்த செலவுப் போர்ப்படமும் இனப்பாகுபாடு குறித்த வினாவும்: ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’ (1951)

முன்னுரை

அமெரிக்கத் திரையரங்குகளில் ஒரே கட்டணத்தில் இரு படங்கள் காட்டப்பெற்ற காலத்தில், முதன்மைப் படத்துக்குத் துணையாகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை ‘பி’ வகைப் படங்கள் எனப்பட்டன. அவற்றின் வாடகை பெரும்பாலும் நிலையான தொகையாக இருந்தமையால், செலவைச் சுருக்குவதே இலாபத்துக்கு வழியாயிற்று. இச்சூழலில் உருவான சாமுவேல் ஃபுல்லரின் ‘தி ஸ்டீல் ஹெல்மெட்’, கொரியப் போரைப் பற்றிய தொடக்ககால அமெரிக்கப் படங்களுள் ஒன்று. சிக்கனம் இப்படத்தின் உள்ளடக்கத்தை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தயாரிப்புச் சூழல்

கொரியப் போர் 1950 ஜூன் 25 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே இப்படம் திரைக்கு வந்தது. ராபர்ட் லிப்பெர்ட்டின் சிறு நிறுவனத்துக்காக, ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலர் செலவில், பத்து நாள்களில் ஃபுல்லர் இதனை எடுத்து முடித்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்கா கொரிய நிலமாயிற்று. கல்லூரி மாணவர்கள் படைவீரர்களாயினர். பீரங்கி வண்டி ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது.

கோயில் காட்சிகள்

பெரும்படை மோதல்களைக் காட்டப் பொருள்வசதி இல்லாமையால், கதையின் பெரும்பகுதி ஒரு பௌத்தக் கோயிலுக்குள் நிகழ்கிறது. மோதல் குறைந்த இடத்தை உரையாடல் நிரப்புகிறது. சிறைப்பட்ட வடகொரிய அதிகாரி, தம் காயத்துக்குக் கட்டுப்போடும் கறுப்பின மருத்துவ உதவியாளர் தாம்சனிடம், நாட்டுக்காகப் போரிடுபவர் பேருந்தில் பின்னிருக்கையில் அமர நேர்வது ஏன் என வினவுகிறார். ஜப்பானிய வழி அமெரிக்கரான தனாகாவிடம் தடுப்பு முகாம்களை நினைவூட்டுகிறார்.

இரண்டும் வரலாற்று உண்மைகளே. 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையைத் தொடர்ந்து, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். படைகளில் சமத்துவத்தை வலியுறுத்தி 1948இல் அதிபர் ட்ரூமன் 9981ஆம் ஆணையைப் பிறப்பித்த பின்னரும், தென் மாநிலப் பேருந்துகளில் இனப்பிரிவினை நீடித்தது.

வினாவை எதிரியின் வாயில் வைத்ததால், பார்வையாளர் அதனைப் பகைவரின் பரப்புரையென ஒதுக்கிவிட இயலும். எனினும், வீரர்கள் இருவரும் தம் நாட்டுப்பற்றில் உறுதியாக நிற்கின்றனரே தவிர, அவர் கூறியவற்றைப் பொய்யென மறுக்கவில்லை. மாற்றம் படிப்படியாகவே வரும் என்பது தாம்சனின் விடை. இவ்விடை அநீதியை ஒப்புக்கொள்கிறது. அதே வேளையில் தீர்வைத் தள்ளியும் வைக்கிறது. படத்தின் துணிவும் அதன் எல்லையும் இங்கே ஒருங்கே வெளிப்படுகின்றன.

போர் அறமும் எதிர்வினையும்

கொரியச் சிறுவனின் மரணத்தைக் கைதி ஏளனம் செய்தபோது, சார்ஜெண்ட் ஸாக் ஆயுதமற்ற அவரைச் சுட்டுவிடுகிறார். இக்காட்சிக்கு இராணுவத் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. இரண்டாம் உலகப் போரில் காலாட்படையில் பணியாற்றிய ஃபுல்லர், இத்தகைய நிகழ்வு போரில் நடப்பதே என வாதிட்டார்.

முடிவுரை

நிதிக்குறைவு இப்படத்தைப் போர்க்களத்திலிருந்து ஓர் அறைக்குள் கொணர்ந்தது. அந்த அறையில் பகைவரைவிட நாட்டின் மனச்சான்றே விசாரணைக்கு உள்ளானது. இக்கதைக்கு முடிவில்லை எனும் பொருள்படும் வாசகத்துடன் படம் நிறைவுறுகிறது. அவ்வாசகம் போருக்கு மட்டுமன்றி, கோயிலுக்குள் எழுந்து விடை பெறாத வினாக்களுக்கும் பொருந்துகிறது.